நான்கு புதன்கிழமைகள்

மெல்பேர்னில் லைசென்ஸைப் பறிகொடுத்த கதையை நான் பல வீடுகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். பொலிஸ்காரனின் தொப்பி, என்னுடைய கோபம், நீதவானின் மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில் வரும். ராகு காலம் மட்டும் வராது. அதைச் சேர்த்துச் சொன்னால் அது என் கணவரின் கதையாகிவிடும். அவர் இருந்தவரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் கிளேட்டனில் குடியிருந்தோம். அவர் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்தார். நடந்தே போய் வருவார். கார் ஓட்டப் பழகவில்லை, பழகும் எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை. நான் குழந்தை நலத் தாதி. ஊருக்கு ஊர் நகரசபை சின்னச் சின்ன நிலையங்கள் வைத்திருந்தது. தாய்மார் கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருவார்கள். நான் பிள்ளையின் எடையை நிறுத்துப் பார்த்து, பால் போதுமா, வயிற்றால் போகிறதா, இரவில் தூங்குகிறதா என்று விசாரித்து அனுப்பவேண்டும். காலையில் ஓரிடம், மத்தியானத்துக்குப் பிறகு வேறோரிடம். லைசென்ஸ் இல்லாதவருக்கு அந்த வேலையே இல்லை. வேலைக்கு எடுக்கும்போது அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். என் கறுத்தக் கையால் தங்கள் பிள்ளைகளைத் தொடவிடுவார்களா என்று ஆரம்பத்தில் பயந்தேன். தாய்மார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அழுகிற பிள்ளையை யார் அமர்த்தினாலும் அவர்களுக்குப் போதும்.

அந்த நாட்களில் மெல்பேர்னில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரையும் ஒரு வீட்டு வரவேற்பறையில் இருத்திவிடலாம். கதிரைதான் போதாமல் போகும். அவர்களுக்கெல்லாம் என் கணவர்தான் பஞ்சாங்கம். ஊரிலிருந்து வரும் பஞ்சாங்கம் ஊர்ச் சூரியனுக்கு எழுதியது. இங்கே குளிர்காலத்தில் பகல் சுருங்கும், கோடையில் நீளும். அவர் பேப்பரில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் பார்த்து, பகலை எட்டாகப் பிரித்து, அந்தந்த நாளுக்குரிய ராகு காலத்தை நிமிடக் கணக்கில் எடுப்பார். புதுவீடு புகுகிறவர்கள், வேலைக்கு முதல்நாள் போகிறவர்கள் எல்லாரும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். "மாஸ்ரர், நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடலாம்?" அவர் தாளைப் பார்க்காமலே பதில் சொல்லுவார். பல்கலைக்கழகத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நுண்கணிதம் படிப்பிக்கிற மனிதர் வீட்டுக்கு வந்து செய்கிற வேலையைப் பார் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் வாய் திறக்கமாட்டேன்.

திறக்காததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் இந்த நாட்டுக்கு இரண்டு பேராக வரவில்லை. மூன்று பேராக வந்தோம். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். கொழும்பில் விமான நிலையத்துக்குப் புறப்படவேண்டிய நேரம் சரியாக ராகு காலத்துக்குள் விழுந்தது. அதற்கு எங்கள் வழக்கத்தில் ஒரு மாற்று உண்டு. பயணப் பெட்டியை நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அவர் விடியற்காலையிலேயே பெட்டியைச் சுமந்துகொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நான் சிரித்தேன். "பெட்டி போயிட்டுது, நாங்கள் எப்ப போறது?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

மெல்பேர்னுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மகனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். இங்கேதான் புதைத்தோம். மூளைக்காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமி என்று தாதிக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதற்குப் பிறகு அவர் எந்த மாற்றையும் ஏற்கவில்லை. பெட்டியை முன்னால் அனுப்புவது, செருப்பை வெளியே வைப்பது எல்லாம் கடவுளை ஏய்க்கிற வேலை என்றார். ராகு காலத்தில் வீட்டை விட்டு யாரும் வெளிக்கிடக்கூடாது, அவ்வளவுதான். நானும் சரி என்றேன். பெட்டி போனபோது நான் சிரித்ததைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பேன்.

சில வருடங்கள் கழித்து மகள் பிறந்தாள். ஏழு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண்மணி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்கு ஓடுவேன். என் கணவரும் அந்த நேரம் வீட்டுக்கு வருவார். நான் வராமல் சாப்பிடமாட்டார்.

மற்ற நாட்களில் ராகு காலம் நான் வெளியே நிற்கும்போதே வந்து போய்விடும். புதன்கிழமை மட்டும் அது சூரியன் உச்சிக்கு வரும்போது தொடங்கும். நான் காலை நிலையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் அது தொடங்கவும் சரியாக இருக்கும். புதன்கிழமைப் பின்னேரம் எனக்குக் கிரான்பர்ன். இன்றைக்குக் கிரான்பர்னில் வீடுகள் முளைத்துக் கிடக்கின்றன. அன்றைக்கு அது வயல்வெளிக்கு நடுவே ஒரு சிறு ஊர், குதிரைகள், மரக்கறித் தோட்டங்கள், நீண்டு கிடக்கும் ஒரு நெடுஞ்சாலை. இரண்டு மணிக்கு நிலையம் திறக்கவேண்டும். தாய்மார் அதற்கு முன்பே குளிரில் வந்து நிற்பார்கள். சாவி என்னிடம்தான்.

பால் கொடுத்து முடித்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி கதவடியில் நிற்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரும்."

"தாய்மார் நிப்பினம்."

"ஓம், தெரியும். கொஞ்சம் இரும்."

அவர் குரலில் அதிகாரம் இருக்காது. கெஞ்சல் இருக்கும். அதிகாரம் என்றால் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நிற்கும் நிலையைப் பார்த்தால் என் கால் வாசலைத் தாண்டாது. நேரம் முடிந்ததும் அவரே கதவைத் திறந்துவிடுவார். "இப்ப போயிட்டு வாரும், மெதுவா ஓடும்" என்பார். நான் தெருமுனை திரும்பும்வரை மெதுவாக ஓட்டுவேன். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் மிதித்ததுதான். மிச்சமிருக்கும் நேரத்துக்குள் கிரான்பர்ன் போய்ச் சேர வேறு வழி இல்லை.

பொலிஸ்காரர்கள் அந்தச் சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி மரத்துக்குக் கீழே நிற்பார்கள். கார் ஒரு குழாயிலிருந்து மற்றதுக்குப் போக எடுக்கும் நேரத்தைக் கொண்டு வேகம் தெரிந்துவிடும். முதல்முறை பிடித்தவன் இளம் பொடியன், முகம் நிறைய பருக்கள். அப்போதுதான் சாலைப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாறியிருந்தன. என்னுடையது பழைய கார், மைல்தான் காட்டும். அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இலக்கத்தில் குழம்பிவிட்டீர்களா, அம்மா?" என்று இரக்கத்தோடு கேட்டான். ஓம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பான். என் வாய் சும்மா இருக்குமா? "எனக்கு இலக்கம் நன்றாகத் தெரியும், என் கணவர் கணிதம் படிப்பிக்கிறார்" என்றேன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு டிக்கெட் எழுதினான். மூன்று புள்ளி.

அந்தப் புள்ளி முறை வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. குற்றத்துக்குத் தண்டம் கட்டினாலும் அது தீராது. லைசென்ஸின்மேல் புள்ளி ஏறும். பன்னிரண்டு ஆனால் லைசென்ஸ் மூன்று மாதத்துக்குப் போய்விடும். இரண்டாவது முறை பிடிபட்டபோது கோபம் வந்தது. மூன்றாவது முறை பயம் வந்தது. அடுத்த சில புதன்கிழமைகள் மெதுவாகவே போனேன். தாய்மார் குளிரில் நின்றார்கள். ஒருத்தி பதினொரு நாள் பிள்ளையோடு நின்றாள். பிள்ளையின் கை நீலம்பாரித்திருந்தது. அதைக் கையில் எடுத்துத் தேய்க்கும்போது எனக்கு மகனுடைய கை நினைவு வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் பிடிபட்டேன். பன்னிரண்டு புள்ளியும் நிறைந்தது.

வீட்டில் ஒளிக்கவில்லை. டிக்கெட் ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டினேன். "ஏன் இப்பிடி ஓடுறீர்?" என்று கேட்பார். "என்ர குணம் தெரியுந்தானே" என்பேன். அது அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது. என் அவசரக்குணம் குடும்பத்தில் பேர்போனது. கிரான்பர்ன் எவ்வளவு தூரம், நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அவர் கேட்கவில்லை. காரே ஓட்டாதவருக்குத் தூரம் தெரியாது. நானும் சொல்லவில்லை. உங்களால்தான் என்று சொல்ல என்னால் முடியாது. சொன்னால் அவர் அதோடு மகனையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

லைசென்ஸை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். விரும்பினால் நீதிமன்றத்தில் முறையிடலாம். மேற்பார்வை செய்யும் தலைமைத் தாதி நல்லவள்தான், ஆனாலும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்: "லைசென்ஸ் போனால் உன்னை எங்கே வைப்பேன் என்று எனக்கே தெரியாது. இடம் இல்லையென்றால் வேலை இல்லை." எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. சம்பளத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மகன் போன பிறகு பிள்ளைகளின் எடை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் மனுசியானேன்.

நீதிமன்றத்துக்கு அவரும் வந்தார். வேண்டாம் என்றேன். "தனிய விடமாட்டன்" என்றார். அன்று வியாழக்கிழமை, காலை நேரம், ராகுவின் தொல்லை இல்லை. பின்வரிசை வாங்கில் கோட்டுப் பொத்தான்களையெல்லாம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு முன்னால் குடித்துவிட்டு ஓட்டிய ஒருவன், வேலி உடைத்த ஒருவன். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். வேலைக்குக் கார் வேண்டும், தாய்மாரும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள், இனிமேல் இப்படி நடக்காது. நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பொலிஸ் சார்ஜன்ட் எழுந்து என் குற்றங்களை வாசித்தார். இந்தத் தேதி, புதன்கிழமை, பிற்பகல், கிரான்பர்ன் சாலை. அந்தத் தேதி, புதன்கிழமை, பிற்பகல், கிரான்பர்ன் சாலை. மூன்றாவதும் புதன்கிழமை. நான்காவது முறை அவர் புதன்கிழமை என்றபோது யாரோ சிரித்தார்கள். நீதவானும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், உங்களுக்குப் புதன்கிழமையில் அப்படி என்ன விசேஷம்?"

அவர் முன்னாலிருந்த தாளைப் புரட்டினார்.

"நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"இரண்டு மணிக்கு."

"வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள்?"

சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். "ஒன்றரை தாண்டித்தான்" என்றேன்.

"அதற்கு முன் வீட்டில் வேலை இருக்குமா?"

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் நிற்கிறீர்கள்? கொஞ்சம் முன்னதாகப் புறப்பட்டால் முடிந்துபோகுமே. சின்ன விஷயம்தானே இது?"

காரணத்தைச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் தப்பியிருக்குமோ என்னவோ. புதுமையாக இருக்கிறது என்று இரங்கியிருக்கலாம். ஆனால் எழுந்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே என் கணவருடைய பயத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு நான் வேலையையே இழந்துவிடலாம் என்று நினைத்தேன். "சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை, ஐயா" என்றேன்.

மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். என் கணவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மன்றத்தில் புதன்கிழமையின் பொருள் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான். நாலு முறை அதை உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தோம். குசினியில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பின்னால் வந்து நின்று கேட்டார்:

"கிரான்பர்ன் எவ்வளவு தூரம்?"

சொன்னேன். கண்ணை மூடினார். தூரத்தை நேரத்தால் வகுக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு அவருக்கு ஒரு கணக்கே இல்லை. விடை வந்ததும் பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு புதனும் இந்த வேகத்திலயோ ஓடினனீர்?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது?"

"நான் உம்மைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். மகனைப் புதைத்த அன்றுகூட அவர் என் முன்னால் அழவில்லை. அந்தக் குசினியில் அழுதார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என்மேல்தான் வந்தது. சொல்லியிருந்தால் ஒரே ஒரு மத்தியானம் வலித்திருக்கும்.

வேலை தப்பியது. தலைமைத் தாதி எப்படியோ இடம் பண்ணிக் கொடுத்தாள். காலையில் கிளேட்டனிலேயே, நடந்து போகும் தூரத்தில். பின்னேரம் டாண்டினோங்கில், ரயில் நிலையத்துக்கு எதிரே. புதன்கிழமையும் அங்கேதான். மத்தியானம் வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கு முந்திய ரயிலைப் பிடிக்கவேண்டும். அந்த ரயில் ராகு காலத்தின் நட்டநடுவில் வந்தது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு அவர் புரண்டு புரண்டு படுத்தார். நானும் தூங்கவில்லை.

முதல் புதன்கிழமை. பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தேன். மேலங்கியைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலக் கதவடியில் போய் நின்றேன். அவர் இரும் என்று சொன்னால் இருப்பேன், அடுத்த ரயிலில் போவேன், தலைமைத் தாதியிடம் பேச்சு வாங்குவேன் என்று மனதைத் தயார்ப்படுத்தியிருந்தேன். அவர் உள்ளேயிருந்து கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் மகள். அவள் தலையில் கம்பளித் தொப்பி.

"நாங்களும் வாறம், ஸ்டேசன் மட்டும்" என்றார்.

"இப்பவோ?"

"ரயில் இப்பதானே வரும்."

"பிள்ளையைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டு வாங்கோவன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

"வேண்டாம். போறதெண்டா மூண்டு பேரும் போவம்."

கதவைத் திறந்து முதலில் அவர்தான் இறங்கினார். பிள்ளையின் தலையை ஒரு கையால் மூடிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, உதடு அசைய அசைய நடந்தார். நல்ல வெயில், குளிர்காலத்தில் எப்போதாவது அடிக்கும் வெயில். ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார், கார் ஒன்றும் வராவிட்டாலும் மறுபடி பார்த்தார். பிளாட்பாரத்தில் தண்டவாளத்துக்குத் தூரமாகச் சுவரோடு ஒட்டி நின்றார். ரயில் வந்தது. நான் ஏறினேன். "போயிட்டு வாரும்" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

ரயில் கிளம்பியதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த கிழவி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி நீட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பி நடக்கவேண்டும். அந்தக் குறுக்குத் தெருக்களை மறுபடி தாண்டவேண்டும். கிருமியை நம்புகிற, ராகுவை நம்பாத நான், ஆணிவைத்து அடித்த மாதிரி அந்த இருக்கையில் இருந்தேன். ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்கித் திரும்பி ஓடலாமா என்று நினைத்தேன்.

டாண்டினோங்கில் தாய்மார் இன்னும் வந்திருக்கவில்லை. கதவைத் திறந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"நீரோ?" என்றார். "போய்ச் சேர்ந்திட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"வந்திட்டம். பிள்ளை நித்திரை."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. நான் மூச்சுவிடுவது அவருக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தொலைபேசியை வைக்க மனமில்லாமல் நின்றோம்.